முக்கால் கோடும் நம்ப முடியாத முள்ளும்

சிங்கப்பூரில் பதிவு செய்யப்பட்ட கார் ஒன்று உட்லண்ட்ஸ் அல்லது துவாஸ் சோதனைச் சாவடி வழியாக மலேசியாவுக்குச் செல்லும்போது, அதன் எரிபொருள் தொட்டியில் குறைந்தது முக்கால் பங்கு பெட்ரோல் இருந்தாக வேண்டும் என்று சிங்கப்பூரின் சுங்கச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. 1989இல் அரைத் தொட்டி என்ற அளவில் தொடங்கிய இந்த விதி 1991இல் முக்கால் தொட்டியாக உயர்த்தப்பட்டு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மீறுவோர் 500 வெள்ளி வரை அபராதம் செலுத்த நேரலாம் என்பதோடு, வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்ப் பெட்ரோல் நிரப்பிய பின்னரே எல்லையைக் கடக்க முடியும்.

விதிக்கான காரணம் வரி. 2021 பிப்ரவரியில் உயர்த்தப்பட்ட கணக்கின்படி, சிங்கப்பூரில் விற்கப்படும் உயர்தரப் பெட்ரோலின் ஒவ்வொரு லிட்டருக்கும் 79 காசும், 92, 95 ஆக்டேன் வகைகளுக்கு 66 காசும் சுங்கத் தீர்வையாக வசூலிக்கப்படுகின்றன. ஆக்டேன் எண் என்பது இயந்திரத்தின் அழுத்தத்தில் பெட்ரோல் உரிய நேரத்துக்கு முன்பே வெடித்துவிடாமல் தாங்கும் திறனைக் குறிக்கும் அளவு. நீரிணைக்கு அப்பால் ஜோகூர் பாருவில் இதே பெட்ரோல் மிக மலிவு என்பதால், தொட்டியைக் காலியாக வைத்துக்கொண்டு பாலத்தைக் கடந்து, நிரப்பிக்கொண்டு திரும்பும் பழக்கம் பரவினால் வரியும் குறையும், கார் பயன்பாட்டைக் கட்டுக்குள் வைக்கும் கொள்கையும் தளரும் என்று அரசு கருதியது. மலேசியாவும் தன் பங்குக்கு, மானிய விலையில் விற்கும் 95 ஆக்டேன் பெட்ரோலை வெளிநாட்டு வண்டிகளுக்கு விற்கக் கூடாது என்று 2010 ஆகஸ்ட் முதல் தடை விதித்திருக்கிறது.

இவ்வளவும் பலரும் அறிந்தவையே. அதிகம் பேசப்படாத ஒன்று, இந்தச் சட்டம் எந்தக் கருவியின் சொல்லை நம்பி நடக்கிறது என்பதுதான். சாவடியில் நிற்கும் அதிகாரி தொட்டிக்குள் கோல் விட்டுப் பார்ப்பதில்லை. ஓட்டுநருக்கு எதிரே ஒளிரும் எரிபொருள் மானியின் முள், முக்கால் கோட்டுக்கு மேலே நிற்கிறதா என்பதைத்தான் பார்க்கிறார். சிங்கப்பூரின் பெட்ரோல் நிலையங்களில் உள்ள ஒவ்வொரு பம்பும் எடை அளவைச் சட்டத்தின் கீழ்ச் சோதிக்கப்பட்டு முத்திரை பெற வேண்டிய கருவி, ஆகவே அது காட்டும் லிட்டர் கணக்கைத் தயக்கமின்றி ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் அதே பெட்ரோல் காருக்குள் போனதும் அதை அளப்பது எந்த முத்திரையும் பெறாத ஒரு மிதவையும் ஒரு முள்ளும் மட்டுமே. பணம் கொடுக்கும் இடத்தில் துல்லியமும், தண்டம் கட்டும் இடத்தில் தோராயமும் இருப்பது சிந்திக்கத்தக்கது, ஏனெனில் எரிபொருள் மானி என்பது தொடக்கத்திலிருந்தே துல்லியத்துக்காக வடிவமைக்கப்பட்ட கருவியன்று. தீர்ந்துபோவதற்கு முன் ஓட்டுநரை எச்சரிப்பதே அதன் வேலை.

அதன் அமைப்பு எளிது. தொட்டிக்குள் பெட்ரோலின் மேல் மிதக்கும் சிறு மிதவை ஒரு கம்பிக்கையின் நுனியில் பொருத்தப்பட்டிருக்கும். மட்டம் ஏற இறங்க அக்கை மேலும் கீழும் அசைந்து, அதன் மறுநுனியில் உள்ள உலோகத் தொடுமுனை ஒரு மின்தடைப் பட்டையின் மீது நகரும். மின்தடை மாறும்போது மானிக்குச் செல்லும் மின்னோட்டமும் மாறுவதால் முள் நகர்கிறது. தொட்டிக்குள் இருக்கும் இந்தப் பகுதியைப் பட்டறைக்காரர்கள் சென்டர் யூனிட் என்றும், சுருக்கமாக மிதவை என்றும் சொல்வதுண்டு. இங்கே கவனிக்க வேண்டியது, மிதவை அளப்பது உயரத்தை, ஓட்டுநர் அறிய விரும்புவதோ கொள்ளளவை என்பதாகும். நேரான பக்கங்கள் கொண்ட பெட்டியாக இருந்தால் உயரமும் கொள்ளளவும் ஒரே விகிதத்தில் குறையும். காரின் அடிவயிற்றில் கிடைத்த இடத்தில் திணிக்கப்பட்ட தொட்டியோ மேலே அகன்றும் கீழே குறுகியும் நடுவில் பள்ளம் விழுந்தும் இருப்பதால், முள்ளின் முதல் கால் பகுதியும் கடைசிக் கால் பகுதியும் ஒரே அளவு பெட்ரோலைக் குறிப்பதில்லை.

இதற்கு மேலும் வேண்டுமென்றே சேர்க்கப்பட்ட பிழைகள் உண்டு. தொட்டி விளிம்புவரை நிரம்பும்போது மிதவை கூரையில் முட்டி நின்றுவிடுவதால், சில லிட்டர் தீர்ந்த பின்னும் முள் நிறைவுக் கோட்டை விட்டு அசையாது. அடியிலும் அவ்வாறே, முள் காலிக் கோட்டைத் தொடும்போது ஓரளவு பெட்ரோல் மிச்சம் இருக்கும்படி தயாரிப்பாளர்கள் அமைக்கின்றனர். பெட்ரோல் பத்து டிகிரி செல்சியஸ் வெப்பம் ஏறினால் ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு விரியும் என்பதால் தொட்டியில் ஆவிக்கென இடம் விட வேண்டியிருக்கிறது. 50 லிட்டரில் இந்த விரிவு அரை லிட்டர். கையேட்டில் அச்சிடப்பட்ட கொள்ளளவு, பம்ப் தானாக நின்றுவிடும் அளவு, இயந்திரம் உண்மையில் உறிஞ்சக்கூடிய அளவு ஆகிய மூன்றும் ஒன்றல்ல என்பதைப் பெரும்பாலான உரிமையாளர்கள் காலம் கடந்தே உணர்கின்றனர்.

எல்லாக் கார்களுக்கும் பொதுவான இக்குறைகள் ஸ்போர்ட்ஸ் கார்களில் பெருகிவிடுகின்றன. தாழ்வான உடலும், பின்புறமோ நடுவிலோ அமைந்த இயந்திரமும், இரு அச்சுகளுக்கும் எடையைச் சமமாகப் பகிரும் நோக்கமும் முதலிடம் பெறும்போது, தொட்டிக்கு எஞ்சிய இடமே கிடைக்கிறது. போர்ஷே 911இல் இயந்திரம் பின்னால் இருப்பதால் தொட்டி முன்பக்கம் போய்விட்டது. லம்போர்கினி கவுன்டாக் 120 லிட்டரை இரண்டு தனித் தொட்டிகளில் சுமந்தது. பின்சக்கரங்களை இயக்கும் தண்டு நடுவில் ஓடும் பல கார்களில் குதிரையின் முதுகில் இருபுறமும் தொங்கும் சேணப் பையைப் போல, தண்டின் மேல் கவிழ்ந்து இடமும் வலமும் இரண்டு குழிகளாகப் பிரியும் தொட்டி வைக்கப்படுகிறது. இந்தச் சேண வடிவத் தொட்டியில் இரண்டு மிதவைகள் தேவை. ஒரு குழியில் பம்ப் இருக்கும், மற்றக் குழியில் உள்ள பெட்ரோலை, திரும்பி வரும் எரிபொருளின் வேகத்தைக் கொண்டே உறிஞ்சித் தள்ளும் ஜெட் பம்ப் என்னும் சிறு அமைப்பு கடத்திக் கொடுக்கும். அந்தக் கடத்தல் தடைப்பட்டால் முள் கால் தொட்டி என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே இயந்திரம் நின்றுவிடக்கூடும், ஏனெனில் இருக்கும் பெட்ரோல் எல்லாம் பம்புக்கு எட்டாத குழியில் கிடக்கிறது.

தட்டையான தொட்டியின் இன்னொரு பலவீனம் சரிவு. ஆழமான தொட்டி சற்றுச் சாய்ந்தால் மட்டம் சிறிதே மாறும். அகன்று ஆழம் குறைந்த தொட்டியிலோ சிறு சாய்வும் மிதவையைப் பெரிதும் உயர்த்தவோ தாழ்த்தவோ செய்துவிடும். வேகமான வளைவில் பெட்ரோல் முழுவதும் வெளிப்பக்கம் ஒதுங்குகிறது, பிரேக்கை அழுத்தும்போது முன்னே பாய்கிறது. நிஸ்ஸான் 350இசட் போன்ற சேணத் தொட்டிக் கார்கள் பந்தயத் தடத்தில் நீண்ட வலது வளைவுகளில், பாதித் தொட்டிக்குக் கீழே இருக்கும்போது, எரிபொருள் கிடைக்காமல் திணறுவது அவற்றை ஓட்டுவோர் நடுவே நன்கு அறியப்பட்ட செய்தி. இந்த அலைவை முள்ளில் காட்டினால் ஓட்டுநர் குழம்புவார் என்பதால், பழைய மானிகள் மின்னோட்டத்தால் சூடாகி மெல்ல வளையும் ஈருலோகத் தகட்டைக் கொண்டு முள்ளை மந்தமாக்கின. இன்றைய கார்களில் கணினி பல அளவீடுகளின் சராசரியை எடுத்து, இயந்திரத்துக்குள் தெளிக்கப்பட்ட எரிபொருளைக் கணக்கிட்டுக் கழித்து, அதன்பின் ஓர் எண்ணைத் தருகிறது. முள் காட்டுவது இந்த நொடியின் மட்டம் அன்று, சில நிமிடங்களின் ஊகம். சில கார்களில் இரண்டு மூன்று லிட்டர் மட்டும் ஊற்றினால் அதை அலைவு என்று கருதிக் கணினி பொருட்படுத்தாமல் விட்டுவிடுவதும் உண்டு.

கொள்ளளவிலும் இக்கார்கள் ஒரே இனம் அல்ல. மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் இன்றைய தலைமுறை 45 லிட்டரும், டொயோட்டா ஜிஆர்86 50 லிட்டரும், நிஸ்ஸான் ஜிடி-ஆர் 74 லிட்டரும் கொள்கின்றன. 911 வகைகள் பலவற்றில் 64 லிட்டர், சிலவற்றில் கூடுதல் விலைக்கு 90 லிட்டர். 100 லிட்டர் தொட்டி கொண்ட புகாட்டி வேரான், மணிக்கு 400 கிலோமீட்டரைத் தாண்டிய தன் உச்ச வேகத்தில் ஓடினால் அத்தொட்டியை ஏறக்குறைய 12 நிமிடங்களில் காலி செய்துவிடும். ஆகவே தொட்டியின் அளவு மட்டும் தொலைவைச் சொல்லாது.

முக்கால் தொட்டி விதியை இந்த எண்களோடு சேர்த்துப் பார்த்தால் அதன் சமமின்மை புலப்படும். எம்எக்ஸ்-5 உரிமையாளர் ஏறக்குறைய 34 லிட்டருடன் எல்லையைக் கடக்கலாம், 90 லிட்டர் தொட்டி வைத்திருப்பவர் 67 லிட்டருக்கு மேல் சுமந்தாக வேண்டும். உயர்தரப் பெட்ரோலுக்கான தீர்வை வெள்ளிக் கணக்கில் முன்னவருக்கு 27க்குச் சற்றுக் குறைவு, பின்னவருக்கு 53க்கு மேல். சட்டம் லிட்டரில் பேசாமல் பங்கில் பேசுவதற்குக் காரணம், முள் பங்கில் மட்டுமே பேசுகிறது என்பதாகும். பல நவீனக் கார்களில் முள்ளும் இல்லை, எட்டோ பத்தோ கட்டங்கள் மட்டும் ஒளிர்கின்றன. எட்டுக் கட்டங்களில் ஆறு என்பது முக்கால், பத்துக் கட்டங்களில் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே எங்கோ முக்கால். ஐயம் இருந்தால் நிரப்பிவிடுவதே பாதுகாப்பு என்பது வண்டியோட்டிகள் வந்து சேர்ந்திருக்கும் நடைமுறை முடிவு, அது சரியானதும்கூட.

லிட்டில் இந்தியாவிலிருந்து புறப்படும் பயணத்தை எடுத்துக்கொண்டால் இதன் நடைமுறைப் பொருள் விளங்கும். சிராங்கூன் சாலையிலும், முன்பு குதிரைப் பந்தயத் திடல் இருந்ததால் பெயர் பெற்ற ரேஸ் கோர்ஸ் ரோட்டிலும், வார இறுதியில் வண்டிகள் ஊர்ந்தே செல்கின்றன. பேருந்துகளும் சரக்கு வண்டிகளும் பாதசாரிகளும் நெருக்கும், அங்குள்ள தேக்காவைச் சுற்றிய குறுகிய தெருக்களில், பெரிய இயந்திரம் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார் முதல் கியரிலேயே நின்று நின்று நகரும்போது ஒரு கிலோமீட்டர்கூடப் போகாமல் பெட்ரோல் கரைகிறது. அங்கிருந்து விரைவுச்சாலை வழியாக உட்லண்ட்ஸ் 20 கிலோமீட்டருக்கு மேல். அதன்பின் நீண்ட விடுமுறை நாளென்றால் 1924இல் திறக்கப்பட்ட, ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் கடற்பாலத்துக்கு முன்னால் மணிக்கணக்கில் நீளும் வரிசை. தேக்காவில் முக்காலுக்கு ஒரு நூல் மேலே இருந்த முள் சாவடியில் ஒரு நூல் கீழே இருக்கக்கூடும். சாவடியை நோக்கிய ஏற்றச் சரிவில் கார் நின்றால் தட்டையான தொட்டியின் மிதவை உண்மைக்கும் கீழேயே சரியவும் கூடும். பெட்ரோல் குறையாமலேயே முள் மட்டும் குறைவது அப்போது ஓட்டுநரின் தவறன்று, ஆனால் அதற்கான பொறுப்பு அவருடையதே.

இதே முள்ளை எதிர்த்திசையில் பொய் சொல்ல வைப்பதும் கடினமன்று என்பதால்தான், எரிபொருள் மானியையோ தொட்டியையோ மாற்றியமைத்துத் தவறான அளவு காட்டச் செய்வதைச் சட்டம் தனிக் குற்றமாக்கி, பெட்ரோல் குறைவுக்கு விதிப்பதைவிடக் கடுமையான தண்டனை வகுத்திருக்கிறது. முள்ளை இயக்குவது ஒரு மின்தடையின் அளவு மட்டுமே என்பதை அறிந்தவர் எவரும் இக்குற்றத்தின் எளிமையை உணர்வர். கவலைக்குரிய இடம் வேறொன்று: பழுதான மானியும் திருத்தப்பட்ட மானியும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். நேர்மையான உரிமையாளருக்குத் தன் மிதவை நல்ல நிலையில் இருப்பதற்கான பட்டறைச் சீட்டு, சிங்கப்பூரில் வெறும் பராமரிப்புக் காகிதத்தைவிட மதிப்பு மிக்கது.

மிதவைகள் பழுதாவது அரிதும் அன்று. தொடுமுனையிலும் பட்டையிலும் வெள்ளி கலந்த உலோகம் பயன்படுவதால், பெட்ரோலில் கந்தகம் மிகும்போது அது கறுத்து அரிக்கப்பட்டு, முள் நிறைவிலோ காலியிலோ ஒட்டிக்கொள்கிறது. 2004 மே மாதம் அமெரிக்காவின் புளோரிடா, லூசியானா மாநிலங்களில் கந்தகம் மிகுந்த பெட்ரோல் விற்பனைக்குப் போய், ஏராளமான கார்களின் எரிபொருள் மானிகள் பழுதடைந்தன. விற்ற நிறுவனங்கள் பழுதுச் செலவை ஏற்க வேண்டியதாயிற்று. நகராமல் நின்றிருப்பதும் கேடு விளைவிக்கும். சிங்கப்பூரில் 35 ஆண்டும் அதற்கு மேலும் பழமையான கார்கள் ஆண்டில் குறிப்பிட்ட சில நாள்கள் மட்டும் ஓடலாம் என்ற நிபந்தனையோடு தனித் திட்டத்தில் பதிவாகின்றன. பழைய ஜாகுவார், எம்ஜி போன்ற ஸ்போர்ட்ஸ் கார்கள் இவ்வாறு மாதக்கணக்கில் நிற்கும்போது தொடுமுனை ஒரே இடத்தில் ஆக்ஸைடு படிந்து உறைகிறது, ஈரக்காற்று பின்னல் கம்பிகளின் தரை இணைப்பை அரிக்கிறது. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் கார்களில் மானிகளுக்கு ஏறக்குறைய 10 வோல்ட் மின்சாரத்தைச் சீராகத் தரும் ஒரு சிறு நிலைப்படுத்தி உண்டு. அது கெட்டால் எரிபொருள் முள்ளும் வெப்ப முள்ளும் சேர்ந்தே தவறும். ஒன்று மட்டும் தவறினால் குற்றம் மிதவையில், இரண்டும் தவறினால் நிலைப்படுத்தியில் என்று தேர்ந்த மெக்கானிக் தொட்டியைக் கழற்றாமலே சொல்லிவிடுவார்.

எவ்வளவு செலவிட்டாலும் இந்த அளவீடு முற்றிலும் வசப்படுவதில்லை என்பதற்குச் சான்று சிங்கப்பூரின் மரினா பே தெருப் பந்தயத் தடத்திலேயே இருக்கிறது. 2008 செப்டம்பர் 28 அன்று அங்கு நடந்த முதல் இரவு நேர ஃபார்முலா ஒன் போட்டியில் முதலிடத்தில் ஓடிய ஃபெலிப்பே மாசா, எரிபொருள் நிரப்ப நின்றபோது பச்சை விளக்கு முன்கூட்டியே எரிந்துவிட, குழாய் தொட்டியில் மாட்டியிருக்கும்போதே காரைக் கிளப்பினார். கிழிந்த குழாயை இழுத்துக்கொண்டு ஓடிய அந்த ஃபெராரி 13ஆம் இடத்தில் முடித்தது, ஆண்டிறுதியில் மாசா ஒரே ஒரு புள்ளியில் பட்டத்தை இழந்தார். 2010 முதல் போட்டி நடுவே எரிபொருள் நிரப்புவது தடை செய்யப்பட்டதால், தொடக்கத்திலேயே போதுமான அளவு கணித்து ஏற்ற வேண்டிய கட்டாயம் வந்தது. ஃபார்முலா ஒன் உலகில் ஏற்றும் எரிபொருளை யாரும் லிட்டரில் கணக்கிடுவதில்லை. வெப்பத்துக்கேற்ப விரியும் கனஅளவை விட்டுவிட்டு எடையைக் கொண்டே அளக்கின்றனர், 2022இல் ஒரு போட்டிக்கான உச்ச வரம்பு 110 கிலோ. காருக்குள் இருக்கும் தொட்டியும் உலோகப் பெட்டியன்று, பஞ்சராகாத ரப்பர் இழைப் பை. அலைவை அடக்க உள்ளே தடுப்பறைகள் உண்டு. முள்ளுக்குப் பதில், ஓடும் எரிபொருளை நொடிக்கு நொடி அளக்கும் மீட்டர் இருக்கிறது.

அப்படியிருந்தும் 2022 அக்டோபர் 1 அன்று, அதே தடத்தின் தகுதிச் சுற்றில், முதலிடத்தை எட்டும் வேகத்தில் வந்துகொண்டிருந்த மாக்ஸ் வெர்ஸ்டாப்பனை அவரது குழு பாதியில் நிறுத்தச் சொன்னது. சோதனைக்காக ஒரு லிட்டர் எரிபொருள் தொட்டியில் எஞ்சியிருக்க வேண்டும் என்பது விதி; காய்ந்துகொண்டிருந்த தடத்தில் திட்டமிட்டதைவிட அதிகச் சுற்றுகள் ஓடியதால் அந்த ஒரு லிட்டர் எஞ்சாது என்று கணக்கு காட்டியது. அவர் மறுநாள் எட்டாம் இடத்திலிருந்து புறப்பட்டார். அதற்கு முந்தைய ஆண்டு ஹங்கேரியில் செபஸ்டியன் வெட்டலின் காரில் ஒரு லிட்டருக்கு மேல் இருப்பதாகக் குழுவின் மீட்டர்கள் கூறின, அதிகாரிகளால் வெளியே எடுக்க முடிந்ததோ 0.3 லிட்டர், தொட்டியின் அழுத்தம் தணிக்கும் பகுதியில் ஏற்பட்ட கோளாறால் எரிபொருள் வெளியேறியிருந்தது பின்னர் தெரியவந்தது, அவர் பெற்ற இரண்டாமிடம் பறிபோனது. மீட்டர் சொன்னது தவறில்லை. மீட்டர் பார்க்காத வழியே பெட்ரோல் போயிருந்தது.

சாலையில் ஓடும் கார் உரிமையாளருக்கு நேரக்கூடிய இழப்பு இதைவிடச் சிறிது, ஆனால் அபாயம் சிறிதன்று. பெட்ரோல் பம்ப் தொட்டிக்குள் பெட்ரோலில் மூழ்கியே குளிர்கிறது. மட்டம் தாழ்ந்தபடி ஓடினால் அது சூடேறித் தேய்கிறது, விட்டுவிட்டு வரும் எரிபொருளால் எரியாத பெட்ரோல் புகைக் குழாயின் வினையூக்கியில் சென்று எரிந்து அதையும் பாழாக்குகிறது. கல்லாங் - பாய லேபார் விரைவுச்சாலையிலும் மரினா கரையோர விரைவுச்சாலையிலும் கிலோமீட்டர்கணக்கில் சுரங்கப் பகுதி இருப்பதால், அங்கே நின்றுவிடும் தாழ்வான கார் பின்னால் வரும் கனரக வண்டிகளின் கண்ணுக்கு எளிதில் படாது. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி கட்டணமின்றி அருகிலுள்ள குறிப்பிட்ட வாகன நிறுத்துமிடம்வரை இழுத்துச் செல்லும், அது வரும்வரை உள்ள சில நிமிடங்களே ஆபத்தானவை.

மானியை முழுதாக நம்ப முடியாது எனும்போது அதன் பழக்கத்தை அறிந்துவைப்பதே வழி. முத்திரையிட்ட பம்பில் நிரப்பும் ஒவ்வொரு முறையும் முள் நின்ற இடத்தையும், ஏறிய லிட்டரையும், ஓடிய தொலைவையும் குறித்துவந்தால், சில மாதங்களில் அந்தக் காரின் முக்கால் கோடு உண்மையில் எத்தனை லிட்டர், விளக்கு எரிந்த பின் எத்தனை கிலோமீட்டர் என்பவை தெளிவாகும். அளவீடு எப்போதும் சமதரையில், பம்ப் முதல்முறை தானாக நிற்கும் இடத்தில் நிறுத்தி எடுக்கப்பட வேண்டும். மிதவையைப் புதிதாக மாற்றும்போது, முள் நகர்கிறது என்பதோடு பட்டறை நிறைவடைந்துவிடக் கூடாது. மாற்று மிதவையின் கம்பிக்கை சற்றே வேறு கோணத்தில் வளைந்திருந்தாலும் முழு அளவுகோலும் பிசகும். சேணத் தொட்டியில் இரு மிதவைகளையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். காலித் தொட்டியில் தொடங்கி ஐந்தைந்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு படிக்கும் கணினி தன் சராசரியைப் புதுப்பிக்கும்வரை பொறுத்து, முள்ளின் இடத்தைக் குறித்து அந்தப் பட்டியலை வண்டியின் பராமரிப்புப் புத்தகத்தில் ஒட்டித் தரும் பட்டறைக்காரரிடம், அந்த அரைநாள் வேலைக்கான கூலியைத் தயங்காமல் கொடுக்கலாம்.